கோளாறு லேப்டாப்பில், போன் வாட்ஸ்அப்பைத் தொடாதீர்கள்

வாசகி ஒருவரின் கடிதம்:

"வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கோப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. லேப்டாப்பில் குரோம் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் திறந்தால் மறுபடியும் க்யூஆர் கோடு கேட்கிறது. பகலிலும் வேறு டேபில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழுகின்றன, சத்தமும் வருவதில்லை. சில மெசேஜ்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'காத்திருக்கவும்' என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் நிற்கிறது. போனில் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்கிறான் அக்கா மகன். செய்யலாமா? இன்னொன்று, போன மாதம் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்க அவர்கள் கணினியில் என் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மூடிவிட்டு வந்ததாகத்தான் நினைவு. அதனால் இப்படி ஆகுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து போனில் வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அக்கா மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அழித்தால் உங்கள் உரையாடல்களும் போனிலிருந்து போய்விடும். கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ பேக்கப் எடுத்து வைத்திருந்தால் திரும்பக் கிடைக்கும், அதுவும் பேக்கப் எடுத்த நாள் வரைக்கும் உள்ளதுதான். பேக்கப் இல்லையென்றால் வேலை தொடர்பான பேச்சுவார்த்தை, ஒப்புக்கொண்ட தொகை, அனுப்பிய தேதி எல்லாவற்றுக்கும் இருந்த சான்று போய்விடும். இவ்வளவையும் இழந்த பிறகும் நாளைக் காலையில் லேப்டாப் அதே க்யூஆர் கோடைத்தான் காட்டும். கால் வலிக்குக் கையில் தைலம் தேய்த்த கதைதான். நீங்கள் சொல்லியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் கோளாறு லேப்டாப்பில் இருக்கிறது. அதை அங்கேயே சரி செய்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கடை விஷயம். கடிதத்தின் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

உங்கள் போனில் இப்போதே வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆண்ட்ராய்டு என்றால் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸுக்குப் போங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒன்று இருக்கும், தமிழில் வைத்திருந்தால் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. அதைத் திறந்தால் உங்கள் கணக்கு எந்தெந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே அது கடைசியாக எப்போது இயங்கியது என்றும் போட்டிருக்கும். அங்கே உங்கள் லேப்டாப் தவிர வேறு ஏதாவது நின்றால், அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். எது உங்களுடையது, எது கடையுடையது என்று குழப்பமாக இருந்தால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் லாக் அவுட் செய்துவிட்டு உங்கள் லேப்டாப்பை மட்டும் புதிதாக இணைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், முன்பு இருந்த ஒரு பாதுகாப்பு இப்போது இல்லை. 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது, போனில் இருப்பதைத்தான் கணினித் திரை காட்டியது. போனில் நெட் போனால் கணினியிலும் போய்விடும். 2021 ஜூலையில் வேறு முறையைச் சோதனைக்கு விட்டார்கள், பிறகு அதுவே எல்லோருக்கும் வந்துவிட்டது. இந்த முறையில் ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். இணைத்த ஒவ்வொரு கணினியும் தனி ஆள் மாதிரி, போன் அணைந்திருந்தாலும் மெசேஜ்களைத் தானே வாங்கிக்கொள்ளும். வசதிதான். ஆனால் நீங்கள் விட்டுவிட்டு வந்த கடைக் கணினிக்கும் அதே வசதி உண்டு. டேபை மூடுவதும் லாக் அவுட் செய்வதும் ஒன்றில்லை. டேபை மட்டும் மூடியிருந்தால், அடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு உங்கள் உரையாடல்கள் அப்படியே தெரியும்.

லாக் அவுட் செய்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும், பலருக்கு அது தோன்றுவதே இல்லை. பிரிண்ட் எடுக்க நீங்கள் இறக்கிய கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து வெளியேறினால் அது அழியாது. உங்கள் வாடிக்கையாளரின் ஆவணம் அது என்றால், ஒரு நடை போய் அழித்துவிட்டு வருவதுதான் சரி. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், அல்லது கடையின் மின்னஞ்சலுக்கு அந்த ஒரு கோப்பை மட்டும் அனுப்புங்கள். ஒரு பக்கம் அச்சடிக்க மொத்தக் கணக்கையும் திறந்து காட்ட வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாமல் திறக்க நேர்ந்தால், க்யூஆர் கோடு வரும் பக்கத்தில் 'இந்த பிரவுசரில் லாகின் ஆகியே இரு' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது மெனுவில் லாக் அவுட் கொடுத்து, போன் பட்டியலில் அது போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

கடையில் திறந்ததால் லேப்டாப்பில் க்யூஆர் கோடு கேட்குமா என்றால், கேட்காது. அது வேறு கதை.

சரி, தினமும் காலையில் கேட்கிறதே, அதற்கு வருவோம். 'காலையில்' என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு. பகல் முழுக்க நிற்கும் இணைப்பு இரவு மூடி மறுநாள் திறந்தால் போகிறது என்றால், மூடும்போதோ திறக்கும்போதோ யாரோ எதையோ துடைக்கிறார்கள். வாட்ஸ்அப் வெப் தன் சாவியையும் உங்கள் மெசேஜ்களின் பிரதியையும் பிரவுசருக்குள்தான் வைத்திருக்கிறது. அந்த இடம் துடைக்கப்பட்டால் அதற்கு உங்களை அடையாளம் தெரியாது, புதியவர் என்று நினைத்து மறுபடி கோடு கேட்கும்.

இதை உறுதி செய்துகொள்ளப் போனில் சற்று முன் திறந்த அதே பட்டியல் உதவும். அதில் 'குரோம், விண்டோஸ்' என்றே இரண்டு மூன்று வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் கடைசியாக இயங்கியதாகக் காட்டினால், அவை உங்கள் லேப்டாப்பின் பழைய இணைப்புகளாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப் உங்களை வெளியேற்றியிருந்தால் பட்டியலிலிருந்தும் பெயர் போயிருக்கும். பெயர் நிற்கிறது, லேப்டாப்பில் இணைப்பு இல்லை என்றால் பிரவுசரின் சேமிப்பு மட்டும் அழிந்திருக்கிறது என்று பொருள். கடையுடையதும் இந்தக் கூட்டத்தில் கலந்திருக்கலாம், அதனால்தான் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யச் சொன்னேன்.

துடைப்பது யார் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. பகலில், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது குரோமின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு உடனே திறங்கள். கோடு கேட்டால், பிரவுசரே மூடும்போது அழிக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள், தளங்கள் உங்கள் கணினியில் சேமிக்கும் தரவைப் பற்றிய இடத்தில், எல்லா ஜன்னல்களையும் மூடியதும் அதை அழிக்கும்படி ஒரு தேர்வு உண்டு. அது போட்டிருக்கும். அதை மாற்றுங்கள், அல்லது அங்கேயே வாட்ஸ்அப் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் தெரியாமல் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கும் பழக்கத்தில் இருந்தாலும் இதே விளைவுதான், அந்த ஜன்னலை மூடினால் எல்லாம் போகும்.

உடனே திறந்தபோது கோடு கேட்கவில்லையா? அப்படியானால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்போது கேட்டால், கணினியைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று ஓடும் ஏதாவது கிளீனர் சாஃப்ட்வேர் காரணம். கணினி தொடங்கும்போது குக்கிகளையும் தளத் தரவையும் துடைக்கும்படி அதை அமைத்திருப்பார்கள். சில ஆன்டிவைரஸ்களிலும் இந்த வேலை சேர்ந்தே வருகிறது. 'கொஞ்ச நாளாக' என்கிறீர்கள், அந்தச் சமயத்தில் புதிதாக எதைப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் இந்த மாதிரி கிளீனர்களே தேவையில்லை. விண்டோஸில் இடம் காலி செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது.

போனை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டாலும் இணைத்த கணினிகள் தாமாக வெளியேறிவிடும். நீங்கள் தினமும் போன் பார்ப்பவர், அதனால் உங்களுக்கு இது பொருந்தாது. பழைய போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, மொத்தமாக வந்து விழும் மெசேஜ்கள். வேறு டேபில் இருக்கும்போது வராமல், திரும்பியதும் வருகிறது என்றால் அந்த டேப் தூங்குகிறது. மெமரியை மிச்சப்படுத்த, கொஞ்ச நேரம் பார்க்காத டேப்களைக் குரோம் நிறுத்தி வைக்கும். 'மெமரி சேவர்' என்று அதற்குப் பெயர், செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் இருக்கும். அதை முழுக்க அணைக்க வேண்டாம், உங்கள் லேப்டாப் திணறும். எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு, வாட்ஸ்அப்பை அதில் சேருங்கள். எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்ற பெயரில் இதே வேலை நடக்கும், அங்கேயும் விலக்குப் பட்டியல் இருக்கிறது.

சத்தம் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விழித்திருக்கச் செய்த பிறகும் வரவில்லையென்றால் அனுமதி மூன்று இடங்களில் தேவை என்பதைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் வெப்பின் சொந்த செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் போட்டிருக்க வேண்டும். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டால் வரும் அனுமதிகளில் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் 'அலவ்' ஆகியிருக்க வேண்டும். கடைசியாக விண்டோஸின் நோட்டிஃபிகேஷன் அமைப்பில் குரோம் அனுமதிக்கப்பட்டிருந்து, 'டூ நாட் டிஸ்டர்ப்' அணைந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு கூட்டத்தின்போது இந்தக் கடைசியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

இந்த இரண்டு தொல்லைகளும் ஒரேயடியாகத் தீர வேண்டுமென்றால், பிரவுசரை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பின் டெஸ்க்டாப் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். பிரவுசரின் தரவை அழித்தால் அது பாதிக்கப்படாது, டேப் தூங்கும் பேச்சும் இல்லை. குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அதில் பேசலாம். உங்களைப் போல நாள் முழுக்கக் கோப்பு வாங்கி அனுப்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ வாட்ஸ்அப்பின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு இடத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

'காத்திருக்கவும்' என்று நிற்கும் மெசேஜைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அது எதுவும் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. உங்களுக்கு ஒருவர் அனுப்பும் ஒரு மெசேஜ், உங்கள் போனுக்கு ஒரு பூட்டு, லேப்டாப்புக்கு இன்னொரு பூட்டு என்று சாதனத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே பூட்டப்பட்டுத்தான் வருகிறது. நடுவில் யாரும், வாட்ஸ்அப் நிறுவனம் உட்பட, படிக்க முடியாதபடி இருப்பது இதனால்தான். லேப்டாப்புக்கு வந்த பிரதியை அதனிடம் உள்ள சாவியால் திறக்க முடியாமல் போனால், 'எனக்கு மறுபடி பூட்டி அனுப்பு' என்று அனுப்பியவரின் சாதனத்திடம் அது கேட்கும். அவர் ஆன்லைனில் வரும்வரை உங்களுக்கு அந்த வரிதான் தெரியும். தினமும் புதிதாக இணைத்துக்கொண்டே இருந்தால் சாவியும் தினமும் மாறும், அதனால் இது அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை. காலைக் கோளாறு சரியானால் இதுவும் பெரும்பாலும் குறைந்துவிடும். அவசரமென்றால் போனில் பாருங்கள், அங்கே அந்த மெசேஜ் நன்றாகவே திறந்திருக்கக்கூடும். அங்கும் இல்லையென்றால், வாட்ஸ்அப்பை ஒருமுறை திறக்கும்படி அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.

இனி லேப்டாப்பைப் புதிதாக இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை. முகவரியை நீங்களே தட்டுங்கள். 'வெப்', புள்ளி, 'வாட்ஸ்அப்', புள்ளி, 'காம்', அவ்வளவுதான். தேடி, வந்த முதல் இணைப்பைத் தொட்டுப் போனால் போலித் தளத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அது காட்டும் கோடு வேறொருவரின் கணினிக்கானதாக இருக்கலாம், நீங்கள் ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்கு அவருடைய திரையில் திறந்துகொள்ளும். சரியான முகவரியைத் திறந்து ஒருமுறை புக்மார்க் செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஸ்கேன் செய்வது போனின் சாதாரண கேமராவால் இல்லை, வாட்ஸ்அப்புக்குள் அதே இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியிலிருந்து. கோடு பிடிபடவில்லையென்றால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். அந்தக் கோடு சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறும், மங்கிப்போயிருந்தால் அதன் மேலேயே சொடுக்கிப் புதுப்பிக்கலாம். கேமரா சரியில்லாதவர்கள் போன் எண்ணைக் கொடுத்தும் இணைக்கலாம். கணினியில் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு வரும், அதைப் போனில் தட்டினால் போதும்.

அந்த எட்டு எழுத்துக் குறியீட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உங்கள் கண் முன்னால், உங்கள் கணினித் திரையில் வந்தால் மட்டுமே போனில் தட்டுங்கள். யாரோ மெசேஜில் அனுப்பியது, போனில் பேசிக்கொண்டே சொன்னது, 'படத்தைப் பார்க்க இதைப் போடுங்கள்' என்று ஏதோ பக்கம் காட்டியது, இவற்றில் எதையும் போடாதீர்கள். போட்டால் உங்கள் கணக்கோடு அவர்கள் கணினியை நீங்களே இணைத்துக் கொடுத்ததாகிவிடும். போனில் பெரிய மாற்றம் எதுவும் உங்கள் கண்ணில் படாமல் போகலாம், மெசேஜ்கள் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் நிற்கும். அவ்வப்போது அதைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இணைத்த பிறகு போனை உடனே பைக்குள் போட்டுவிடாதீர்கள். அண்மைக்கால உரையாடல்களைப் போன் பூட்டிக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை வாட்ஸ்அப் திறந்தே இருக்கட்டும், இரண்டிலும் நல்ல நெட் இருக்கட்டும். மிகப் பழைய மெசேஜ்கள் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடாது, அவற்றுக்குப் போனைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கமே திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என்றாவது அது நேரும். கணினியின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. சரியாக இருந்தால், போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துத் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் உங்கள் வைஃபையிலோ, அலுவலகமாக இருந்தால் அங்கே சில தளங்களைத் தடுக்கும் ஃபயர்வாலிலோ தடை இருக்கிறது. இணைப்பை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் ஏதாவது ஓடினால் அதையும் அணைத்துப் பாருங்கள். எதிலும் திறக்கவில்லையென்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒருமுறை முயலுங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சின்ன நிரல்கள், வழக்கமாக இயங்காது, ஆகவே அங்கே திறந்தால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் என்றதும் இன்னொன்று. வாட்ஸ்அப் வெப்பில் மெசேஜை மொத்தமாக அனுப்பலாம், யார் பார்த்தார்கள் என்று அறியலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு பல எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. அப்படி எதையாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வரும் மெசேஜ் உங்கள் திரையில் திறந்துதான் தெரிகிறது. அந்தப் பக்கத்தைப் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷனும் அதைப் படிக்கும். பூட்டு அங்கே உதவாது. இதற்கு நேர்மாறான ஒரு எக்ஸ்டென்ஷனை வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனமே 2022-இல் வெளியிட்டது, 'கோட் வெரிஃபை' என்று பெயர். வாட்ஸ்அப் வெப் பக்கத்தின் நிரலை யாரும் மாற்றவில்லையா என்று சரிபார்த்து நிறத்தால் காட்டும். வாடிக்கையாளரின் ஆவணங்களைக் கையாள்கிறவர் என்பதால் உங்களுக்கு அது பயன்படலாம். அப்படியே, வாட்ஸ்அப் வெப்பின் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் கடவுச்சொல் போட்டுத் திரையைப் பூட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது லேப்டாப்பை எடுத்தாலும் உரையாடல் திறந்து கிடக்காது. கடவுச்சொல் மறந்துபோனால் லாக் அவுட் செய்து மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

ஆக, முதலில் போனில் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். அப்புறம் குரோமை மூடித் திறக்கும் சோதனை. டெஸ்க்டாப் செயலிக்கு மாறுவதானால் லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஆவது இருக்க வேண்டும், அதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அதைவிடப் பழையதாக இருந்து, மூடித் திறந்த சோதனையிலும் ரீஸ்டார்ட்டிலும் கோடு கேட்காமல், ஆனாலும் மறுநாள் காலையில் கேட்டால், லேப்டாப்பில் என்ன விண்டோஸ், என்ன ஆன்டிவைரஸ், சி டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வட்டு நிறைந்துபோனாலும் பிரவுசர் தன் சேமிப்பை விட்டுவிடும், அந்தப் பக்கமிருந்து பார்க்கலாம்.